செல்வமணி புத்தகத்துக்கு நான் போட்ட ஐந்து

1

போர்ச்சுகலில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போகிறவன் தண்ணீர் பாட்டில், மடக்குக் குடை, சார்ஜ் நிறைந்த போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். காகிதங்களைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. எவ்வளவு கொண்டு போனாலும் ஒன்று குறையும். குடை மழைக்கு. போன் படிப்பதற்கு.

நான் விருத்தாசலத்தில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு படித்த புத்தகங்களை எல்லாம் வரிசையில் நின்றுதான் படித்தேன். மஸ்கட்டில் லேபர் கார்டுக்கு நின்ற வரிசை, மலேசியாவில் பெர்மிட்டுக்கு நின்ற வரிசை, இங்கே வந்தபின் இந்த அட்டைக்கு நிற்கும் வரிசை. வரிசையில் நிற்பவனுக்குக் கதைப் புத்தகம் ஆகாது. கதை சூடு பிடிக்கிற நேரத்தில் நம் எண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் பயணம், உடம்பு, ஊர்ப் பழக்கவழக்கம் என்று, எங்கே விட்டாலும் எங்கே எடுத்தாலும் படிக்கக்கூடிய புத்தகங்களாகவே வாங்கினேன்.

இந்த ஆண்டும் புதுப்பிக்கும் நாள் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண், பாஸ்போர்ட்டைப் பார்த்து நான் பிறந்த ஊரின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டுவாள். பாதியில் நிறுத்தி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது போல. வருடத்தில் வேறு எந்த நாளிலும் யாரும் என் ஊருக்காக இவ்வளவு பாடுபடுவதில்லை. அன்றைக்கு அவளிடம் போய்ச் சேர்வதற்கு முன், வரிசையில் நின்றபடி, விருத்தாசலத்தைவிட்டு ஓர் இரவுகூட வெளியே தங்காத ஒருவன் எழுதிய பயண நூலைப் படித்தேன். அதிலிருந்து எனக்கு நெஞ்செரிச்சல்.

2

முதலில் நான் இங்கே வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளை வாசலில் வேலை. ஃபியூஸ் கட்டைகளும் பொம்மைகளும் டீ கப்புகளும் செய்கிற இடம். அங்கிருந்து மும்பையில் ஓட்டல் வேலை. பிறகு மஸ்கட்டில் கட்டட வேலை. பிறகு மலேசியா. பிறகு இந்த நாட்டின் தெற்கே, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் பழம் பறிக்கிற வேலை. அங்கே கன்டெய்னர் என்கிற சரக்குப் பெட்டிகளில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். மழை பெய்தால் தரையில் தண்ணீர் நிற்கும். ஷூவைக் கட்டில்மேல் எடுத்து வைத்துக்கொண்டு தூங்குவோம். ஷூ நனைந்தால் அடுத்த நாள் கால் புண்ணாகிவிடும். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

காகிதம் கிடைத்ததும் வடக்கே வந்தேன். இப்போது கழிப்பறைக் கோப்பைகளும் கைகழுவும் தொட்டிகளும் செய்கிற தொழிற்சாலையில் வேலை. மனைவி மல்லிகாவும் மகள் கயலும் வந்துவிட்டார்கள். சுற்றிச் சுற்றிக் கடைசியில் மறுபடியும் சூளை வாசலுக்கே வந்து நிற்கிறேன் என்று மல்லிகா சொல்வாள்.

புதுச்சேரியில் அனுராதா என்று ஒரு அம்மாள் தமிழ்ப் புத்தகங்களுக்காக ஓர் இணையப் பக்கம் நடத்துகிறார். சிறிய புத்தகங்களைத் தாமே பதிப்பிக்கவும் செய்கிறார். போனிலேயே வாங்கிப் படிக்கலாம். படித்து முடித்தால் கீழே ஒரு கட்டம் வரும். அதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஓர் எண்ணைத் தொட வேண்டும். விருப்பமிருந்தால் சில வரிகள் எழுதலாம்.

எனக்கு அது பழகிய வேலையாகத் தோன்றியது. விருத்தாசலத்தில் சூளையிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு சாமானையும் தட்டிப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, பென்சிலால் எண் போடுவோம். ஒன்று என்றால் முதல் தரம், சென்னைக்குப் போகும். இரண்டில் எங்காவது ஒரு கரும்புள்ளி இருக்கும். மூன்று சந்தைக்கு. நான்கு மறுபடி மெருகுக்கு. ஐந்து என்றால் சுத்தியலால் உடைத்துக் குவியலில் கொட்டிவிட வேண்டும். இங்கே தொழிற்சாலையிலும் ஒன்றுதான் முதல் தரம். ஆகவே புத்தகங்களுக்கும் நான் அப்படியே போட்டேன். அது தலைகீழ் என்று எனக்குச் சொல்லுவார் யாருமில்லை. இரண்டு வருடத்துக்கும் மேலாக அப்படியே போட்டுக்கொண்டிருந்தேன்.

முதுகுவலிக்கு எளிய பயிற்சிகள் என்று ஒரு டாக்டர் எழுதிய புத்தகம். வரிசையில் நின்றபடியே, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று செய்தேன். வலி போய்விட்டது. “இந்த டாக்டரைக் கும்பிடத் தோன்றுகிறது” என்று எழுதி ஒன்று போட்டேன். மாசி மகத்துக்கு எங்கள் பக்கத்து வீடுகளில் என்னென்ன சமைப்பார்கள், யார் யாருக்குக் கொடுத்தனுப்புவார்கள் என்று ஒரு டீச்சர் எழுதிய புத்தகம். அதைப் படித்துவிட்டு மல்லிகா இரண்டு நாள் என்னோடு நன்றாகப் பேசினாள். அதற்கும் ஒன்று. பத்து நாளில் ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு வந்த ஓர் அதிகாரியின் புத்தகம். போர்ச்சுகலுக்கு ஒரே பக்கம். அந்தப் பக்கத்திலும் ஓட்டலில் தயிர் கிடைக்காததைத்தான் எழுதியிருந்தார். நான்கு போட்டேன். வெந்நீர் குடித்தால் எல்லா வியாதியும் போகும் என்ற புத்தகத்துக்கு ஐந்து.

முதுகுவலி டாக்டர் என் கருத்துக்குக் கீழே எழுதினார்: “கும்பிடத் தோன்றுகிறது என்கிறீர்கள். பிறகு ஏன் ஒன்று? என் குறை என்ன என்று அறியலாமா?”

நான் தாமதிக்காமல் பதில் எழுதினேன்: “உங்களுக்கு ஒன்றைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் அது அநியாயம், டாக்டர்.”

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. அடக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

3

இப்போது செல்வமணி. சூளை வாசலில் எனக்குப் பக்கத்தில் நின்று எண் போட்டவன். அவன் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ். நான் ஊரைவிட்டுக் கிளம்பினேன். அவன் அங்கேயே இருந்து அதே கம்பெனியில் சூப்பர்வைசர் ஆனான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ரயிலோ பஸ்ஸோ பிடித்து எங்காவது போவான். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவான். இப்படிப் போன இடங்களைப் பற்றி எழுதி, அனுராதா அம்மாளிடம் கொடுத்து, ‘சாயங்காலத்துக்குள் வீடு’ என்று புத்தகமாக்கிவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இணையப் பக்கத்தில் அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

படிப்பதற்கு முன் கீழே இறங்கி வாசகர் கருத்துகளைப் பார்த்தேன். அது நான் செய்த முதல் தவறு. என் கருத்துகளுக்குக் கீழே ஈ மொய்க்காது. அவன் புத்தகத்துக்குக் கீழே கல்யாண வீட்டுக் கூட்டம். “படித்து முடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன்” என்று மதுரைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். “இருபது நாடு பார்த்திருக்கிறேன். பயணம் என்றால் என்ன என்று இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்” என்று ஓர் ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர். இருபது நாடு பார்த்தவருக்கு இவன் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கப்பலில் போன அந்த மனிதர்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

பிறகு புத்தகத்தைப் படித்தேன். சேத்தியாத்தோப்பைப் பற்றி இப்படி எழுதியிருந்தான்: “பஸ் நிற்கும் நேரத்துக்குள் ஓர் ஊரைப் பார்த்துவிட முடியுமா? முடியும், டீ சூடாக இருந்தால். டீ ஆறும்வரை நின்றுதானே ஆக வேண்டும்.” கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் போகப்போகிறது என்று தெரிந்தும் வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பற்றி எழுதியிருந்தான். ஏன் அடிக்கிறீர்கள் என்று இவன் கேட்டிருக்கிறான். “பொங்கல் வருதுல்ல?” என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் எழுதியிருந்தான். அடுத்த வரியில் பஸ் வந்துவிட்டது.

இதில் எரிச்சல் என்னவென்றால், எனக்கு அது பிடித்திருந்தது. நான் மஸ்கட்டில் பாலைவனத்தைப் பார்த்தவன். அட்லாண்டிக் கடல் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இருக்கிறது. என்னிடம் யாராவது கேட்டால் “பெரிய கடல், காத்து அதிகம்” என்பதற்குமேல் வராது. இவனோ சேத்தியாத்தோப்பு டீயை வைத்துக்கொண்டு ஜனங்களைப் பஸ் ஏற்றிவிடுகிறான்.

ஐந்தாவது அத்தியாயத்தில் நானே வந்தேன். விருத்தாசலம் ரயில் நிலையத்தைப் பற்றிய அத்தியாயம் அது. “நண்பன் ஒருவன்” மும்பைக்குக் கிளம்புகிறான். இவன் வழியனுப்ப வருகிறான். ரயில் நகரும்போது நண்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுகிறான். பெயர்கூட இல்லை. “நண்பன் ஒருவன்.” அதைப் பற்றிக் கருத்துகளில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: “அந்த நண்பனின் கண்ணீர் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. எங்கே இருந்தாலும் அவர் நன்றாக இருக்கட்டும்.”

அந்தக் கண்ணீருக்குச் சொந்தக்காரனான நான் குடியிருப்பு அட்டை வரிசையில் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். பாராட்டு செல்வமணிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைவிட மோசம், நான் அன்றைக்கு அழவே இல்லை.

கட்டம் வந்தது. ஐந்தைத் தொட்டேன். உடைத்துக் கொட்டு என்று அர்த்தம். கீழே எழுத எதுவும் வரவில்லை. பிடித்த புத்தகத்தைத் திட்டி எழுதுவதற்கு என்னைவிடப் படித்தவனாக இருக்க வேண்டும். எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போனைப் பையில் வைத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு காகிதம் குறைகிறது என்றாள்.

4

நான்கு நாள் கழித்து, தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், செல்வமணி போனில் கூப்பிட்டான். அங்கே மாலை. பின்னால் ரயில் ஓசை கேட்டது. திட்டப்போகிறான் என்று எதிர்பார்த்து, அதற்கான பதிலோடு எடுத்தேன்.

“டேய் குமரா! அஞ்சு போட்டுட்டியேடா!”

“ஆமாம், போட்டேன்.”

“எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வசந்தாகிட்ட ஓடிப்போயி காட்டினேன். ஒலகத்தயே சுத்தினவன் போட்டுருக்கான்டி, மத்தவங்க போட்டதெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்னு சொன்னேன். அவ சொல்றா, குமரு அண்ணன் சும்மா போட மாட்டாரு, முதுகுவலி டாக்டருக்கே ஒண்ணு போட்டவருன்னு.”

வசந்தா அவன் மனைவி. அவன் சந்தோஷப்படுகிறானா கேலி செய்கிறானா என்று எனக்குப் புரியவில்லை. கையில் ரொட்டியோடு நின்றேன்.

“ஒரு வரிகூட எழுதலல்ல? அதத்தான்டா எனக்கு ரொம்பப் புடிச்சுது. எழுத வரல, இல்ல?”

“வரல.”

“எனக்குத் தெரியும்டா. எனக்கே அப்டிதான் இருந்துச்சு அத எழுதும்போது.”

பிறகு விஷயத்துக்கு வந்தான். “அடுத்த புத்தகம் நீதான்.”

“நானா?”

“மும்பை, மஸ்கட்டு, மலேசியா, நீ தங்கின அந்தப் பொட்டி, பழம் பறிச்சது, எல்லாம். நீ போன்ல சொல்லிகிட்டே வா, நான் எழுதிக்கறேன். அனுராதா மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன். இந்தப் புத்தகத்துக்கு மார்க்கு இப்டியே நின்னா அத அடுத்த வருசமே போட்டுடலாம்ங்கறாங்க.”

“நீ போவாத ஊர நீ எப்டிடா எழுதுவ?”

“நீதான் போனியே.”

இதை அவன் மிகச் சாதாரணமாகச் சொன்னான். நான் ரொட்டியை அப்படியே தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். ஊரை எடுத்துக்கொண்டான், சரி. அங்கே இருக்கிறவன், எடுத்துக்கொள்ளட்டும். நான் நடந்த தூரம் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. கால் புண்ணாகி, ஷூவைக் கட்டில்மேல் வைத்துத் தூங்கி, நான் சேர்த்தது அது. அதையும் சூளை வாசலில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான். அதிலும் நான் “நண்பன் ஒருவன்” ஆகத்தான் வருவேனோ என்னவோ.

5

அந்த வாரமே அனுராதா அம்மாளிடமிருந்து போன் வந்தது.

“குமரவேல் சாருங்களா? புதுச்சேரியிலேர்ந்து அனுராதா பேசறேங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க எழுதறதுக்கும் போடற நம்பருக்கும் சம்பந்தமே இல்லாம இருக்குதுங்க. அந்த டாக்டர் என்னைப் போன்லயே புடிச்சிகிட்டாரு. கும்பிடறேன்னு சொல்லிட்டு எட்டி ஒதைக்கறாரேங்கறாரு.”

நான் முதல் தரம், சந்தைத் தரம், உடைப்பு என்று விளக்கினேன். அவர் அடக்க முடியாமல் சிரித்தார். என் வீட்டுச் சமையலறையிலும் சிரிப்பு கேட்டது. கயல் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கயலுக்குப் பதிமூன்று வயது. பள்ளி வாசலில் நண்பர்கள் முன்னால் என்னை அவர்கள் பாஷையில் ‘பாய்’ என்று கூப்பிடுவாள். அப்பா என்றுதான் அதற்கு அர்த்தமாம். முதல் தடவை கேட்டபோது, நமக்குப் பின்னால் எந்த பாய் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

“அப்பா, அஞ்சுதான் பெஸ்ட். எங்க ஸ்கூல்லயும் அப்டித்தான். அஞ்சுதான் டாப்.”

எனக்கு ஒன்று உறைத்தது. “அப்போ போன வருஷம் நீ கணக்குல ரெண்டு வாங்கிட்டு வந்தியே?”

“ம்.”

“கேக் வாங்கிக் கொடுத்தேனே.”

“நீ ரொம்ப ஹேப்பியா இருந்தப்பா. எப்டிச் சொல்றது?”

“வரலாத்துல அஞ்சு வாங்கினதுக்கு?”

“பரவால்ல கண்ணு, அடுத்த தடவ பாத்துக்கலாம்னு தட்டிக்கொடுத்த.”

மல்லிகாவுக்கு இது தெரிந்திருந்ததா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெரிந்திருந்தது. பள்ளியில் ஆசிரியை என்னிடம் கவலையாக எதையோ சொன்னதும், நான் பெருமையாகத் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. இந்த நாட்டில் கதவில், ‘புஷ்’ போலவே ஒலிக்கிற அவர்கள் வார்த்தை ஒன்று எழுதியிருக்கும். தள்ளினால் திறக்காது, இழுக்க வேண்டும். முதல் மாதம் ஒரு வங்கி வாசலில் தள்ளிக்கொண்டே நின்றிருக்கிறேன். அதை ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். இதை ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று தெரியவில்லை. என் மகள் நல்ல சேதி கொண்டு வந்தபோது நான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அவளும் போனால் போகிறதென்று விட்டிருக்கிறாள். அந்த விட்டுக்கொடுப்பைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அனுராதா அம்மாள் இன்னும் போனில் இருந்தார்.

“அப்போ எல்லாத்தயும் நானே மாத்திடவாங்க? ஒண்ணு அஞ்சாயிடும், ரெண்டு நாலாயிடும், அஞ்சு ஒண்ணாயிடும். செல்வமணி சாருதுக்கு மட்டும் அஞ்சு கரெக்டா போட்டுருக்கீங்க போல. ஊர்க்காரருன்னு தனியா பாத்துப் போட்டீங்களா?”

ஆமாம் என்று சொன்னால் செல்வமணியின் ஐந்து நிற்கும். இல்லை, அதையும் சேர்த்து மாற்றுங்கள் என்றால் ஒன்றாகிவிடும். ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையில் அவனுடைய மதிப்பெண் இறங்கும், வசந்தாவிடம் ஓடிப்போய்க் காட்டியது கேலியாகும், அடுத்த புத்தகம் நின்றுபோகும், என் தூரம் என்னிடமே இருக்கும். என் வாயில் அந்த வார்த்தை தயாராக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

“மத்ததெல்லாம் மாத்திடுங்க. அத மட்டும் ஞாயித்துக்கெழமை சொல்றேங்க” என்றேன்.

“சரிங்க. அவரோட அடுத்த புத்தகத்தப் பத்தி ஞாயித்துக்கெழமைதான் முடிவு பண்ணணும். அதுக்குள்ள சொல்லிடுங்க.”

6

சனிக்கிழமை சைக்கிளில் கடற்கரைக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தை மறுபடியும் தொடக்கத்திலிருந்து படித்தேன். வரிசையில் நிற்காமல் நான் படித்த முதல் புத்தகம் அது. குறை கண்டுபிடிப்பதற்காகத்தான் படித்தேன். சூளை வாசலில் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன்.

இடையில் வாசகர் கருத்துகளில் புதிதாக ஒன்று வந்திருந்தது. “நன்றாக எழுதுகிறார். ஆனால் எந்த ஊரிலும் ஓர் இரவு தங்காமல் பயண நூல் எழுதுவது ஒரு வித்தைதான். விளம்பரத்துக்கான உத்தி. கும்பகோணம் வரை போய்விட்டு, மாலையில் கோயில் திறக்கும் முன் திரும்பி வருகிறவரை என்னவென்று சொல்வது?” என்று யாரோ எழுதியிருந்தார்கள். மூன்று போட்டிருந்தார்கள்.

அந்த மூன்றைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. இவருக்கு என்ன தெரியும் என்றுதான் தோன்றியது. செல்வமணியின் அப்பாவுக்குப் பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து பல வருடமாகிறது. பகலில் வசந்தா பார்த்துக்கொள்வாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரைத் தூக்கி உட்கார வைக்கச் செல்வமணியால்தான் முடியும். அவன் கையால் கொடுத்தால்தான் அவர் வாய் திறப்பார். இது விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்தேன்.

புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று கடைசிப் பக்கம்வரை தேடினேன். இல்லை. நானாக இருந்தால் முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பேன். மேலே சரக்குப் பெட்டியையும் ஷூவையும் எவ்வளவு சீக்கிரம் உங்களிடம் சொல்லிவிட்டேன் பாருங்கள். அவன் கும்பகோணத்தில் கோயில் மூடியிருந்ததைப் பற்றி எழுதியிருந்தான். மூடிய கதவுக்கு முன்னால் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்களின் பேச்சை எழுதியிருந்தான். பிறகு பஸ் வந்துவிட்டது.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். கூடிவிட்டது. முன்பு அவனுக்குக் கிடைத்த பாராட்டின்மேல் பொறாமை. இப்போது அவனுடைய அந்த வாய் மூடிய தன்மையின்மேல். ஆனால் இந்தப் பொறாமையை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு ஒன்று போட முடியவில்லை.

ஐந்து போடவும் முடியவில்லை. சாமானில் ஒரு புள்ளி இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த புள்ளியை விட்டுவிட எனக்குக் கை வராது.

அனுராதா அம்மாளைக் கூப்பிட்டு, “நாலு போடுங்க” என்றேன். இந்த முறை எழுதவும் செய்தேன்: “இவர் எந்த ஊரிலும் தங்குவதில்லை என்று குறை சொல்பவர்களுக்கு: தங்கினால் ஊர் பழகிவிடும். நான் பல நாடுகளில் தங்கியவன், எனக்கு எதுவும் எழுத வரவில்லை. இவருக்குச் சேத்தியாத்தோப்பில் ஒரு டீ போதுமாக இருக்கிறது. வாங்கிப் படியுங்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் மட்டும் ஒரு குறை உண்டு. அதை ஆசிரியரிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.”

பிறகு இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். செல்வமணியின் அடுத்த புத்தகத்தை அவர் தாராளமாகப் போடட்டும், ஆனால் அதில் நான் வர மாட்டேன், என் தூரத்தை நானே எழுதிப் பார்க்கிறேன் என்றேன். “எழுதுவீங்களா சார்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். இந்தக் குறிப்புகளை எழுத ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அங்கே இருட்டியபின், செல்வமணி கூப்பிட்டான்.

“என்னாடா மாப்ளே, ஒண்ணு கொறைஞ்சிருக்குது?”

“மொதல்ல போட்டது தப்பு. அது வேற கணக்கு. மேடம் சொல்லலயா?”

“சொன்னாங்க. விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அப்போ நீ மொதல்ல என் புத்தகத்த ஒடைக்கச் சொல்லித்தான் போட்டுருக்க?”

“ஆமாம்.”

“எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். நீயாவது என்னயப் பாராட்டறதாவது.” அவன் குரலில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. “சரி, உன் கதய தர மாட்டேன்னு சொல்லிட்டியாமே.”

“நானே எழுதப்போறேன்.”

“எழுதுடா. ஒனக்கு இருக்கற அனுபவத்துக்கு நான்லாம் எம்மாத்திரம். எத்தினி தடவ உன் போட்டோவப் பாத்துட்டு, இவன மட்டும் வீட்ல எப்டிடா வுட்டாங்கன்னு வயிறு எரிஞ்சிருக்கேன் தெரியுமா?”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அதெல்லாம் இருக்கட்டும். அஞ்சாம் அத்தியாயத்துல என்னா கொறை?”

“ஸ்டேஷன்ல நான் அழுதேன்னு எழுதியிருக்கிற.”

“ஆமாம்.”

“நான் அழல. நான் கம்பியப் புடிச்சிகிட்டு நின்னேன், அவ்ளோதான். பிளாட்பாரத்துல நின்னு அழுதது நீ. ரயிலு கெளம்பினதுக்கு அப்றமும் அழுதுகிட்டே ஓடி வந்த. நான் ஜன்னல்ல பாத்துகிட்டேதானே இருந்தேன்.”

பின்னால் அவன் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. வசந்தா, “மாமா எழுந்துட்டாருங்க, வாங்க” என்று கூப்பிட்டாள்.

“செல்வம்” என்றேன். “அந்த ஒரு எடத்த மட்டும் திருத்திடு. உடனே அஞ்சு போடறேன்.”

“தோ வரேன்” என்று அவன் வசந்தாவுக்குக் குரல் கொடுத்தான். பிறகு போனை வாய்க்கு மிக அருகில் கொண்டுவந்து சொன்னான்:

“வாணாம்டா. நாலே இருக்கட்டும்.”